பீரோவுக்குள் சாரல்

“பீரோவுக்குள்ள மட்டும் ஏம்மா எப்பவும் சாரல் அடிக்குது?” என்று சந்தனமாரி கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. அவள் அம்மா ஜெயபிரியா அடித்தட்டில் வைத்திருந்த தேன் நிறப் பட்டுச் சேலையின் கீழே நிறைந்திருந்த கிண்ணத்தை எடுத்துக் கொல்லையில் ஊற்றிவிட்டு, காலிக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தாள். அந்தச் சேலை அப்போதே ஐந்து வருடமாக ஈரமாக இருந்தது. தென்காசியில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். கரண்ட் கம்பி பழுதானதைச் சொல்வதுபோலத்தான் அதையும் சொன்னார்கள்.

சேலை எடுத்தது ஜெயபிரியாவின் தம்பி கல்யாணத்துக்கு. கூடப் போனவள் பக்கத்து வீட்டு வேல்விழி. ஜாக்கெட் தைக்கிறவள்; துணியைத் தொட்டதும் அதன் ஆயுளைச் சொல்லிவிடுவாள். ரத வீதிக் கடையில் நயினார் அண்ணாச்சி அறுபது சேலை பிரித்துப் போட்டார். மயில் போட்டது, பல்லக்குப் போட்டது, உடம்பெல்லாம் ஜரிகை ஓடியது எல்லாவற்றையும் வேல்விழி ஒதுக்கினாள். “ஏட்டி தாயி, கடைய மூட விடுவியா மாட்டியா?” என்று அவர் கேட்டதற்கு, “நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க அண்ணாச்சி, நாங்க இங்கனதான் இருப்போம்” என்றாள். கடைசியில் அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். தேன் நிறம், விரல் அகலத்தில் அரக்குக் கரை, உடம்பில் ஒரு பூகூடக் கிடையாது.

“இதுதான் மைனி. கல்யாணத்துக்கு ஜரிகை ஜாக்கெட் போடுங்க. கோயிலுக்குக் கைத்தறி ஜாக்கெட். ஆபீஸ் விசேஷம்னா வெறும் கறுப்பு. எத்தனை வருசம் கழிச்சு உடுத்தினாலும் பழைய மோஸ்தர்னு ஒருத்தி சொல்ல மாட்டா. யாருக்கும் ஆகும், எதுக்கும் ஆகும்.”

ஜாக்கெட்டுகளை வேல்விழியே தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. ஜெயபிரியா கல்யாணத்துக்கு அந்தச் சேலையை உடுத்தினாள். மண்டபத்தில் பதினோரு பெண்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள்.

அடுத்த ஆனியில் சிவகிரியிலிருந்து வேல்விழியைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவளிடம் பட்டு கிடையாது. முதல் நாள் காலையில் வாசலில் நின்று, “மைனி, அந்தத் தேன் கலரு சேலைய ஒரு நாள் தாறீயளா?” என்று கேட்டாள். ஜெயபிரியாவுக்கு எண்ணெய்க் கறை ஞாபகம் வந்தது, வியர்வை ஞாபகம் வந்தது. மண்டபத்தில் கேட்ட பதினோரு பெண்களும் ஞாபகம் வந்தார்கள். “ஐயோ, நேத்துதானே அலசிப் போட்டேன். இந்தச் சாரல்ல எங்கன காயுது?” என்றாள். பட்டை யாரும் சாரல் காலத்தில் நனைக்க மாட்டார்கள் என்பது துணி தைக்கிறவளுக்குத் தெரியாதா? “சரி மைனி, காயட்டும்” என்று வேல்விழி சொல்லிவிட்டுப் போனாள். ஜெயபிரியா உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். சேலை சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வேல்விழி நூல் சேலையில் காப்பித் தட்டோடு நின்றாள். சிவகிரிக்காரர்கள் நன்றாகப் பேசினார்கள், பிறகு ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம்தான் காரணமாகவும் இருக்கலாம். வேல்விழி யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வருடமே அவளும் அவள் அப்பாவும் சுரண்டைக்குக் குடிபோனார்கள்.

ஜெயபிரியா சேலையை மொட்டைமாடி வெயிலில் போட்டாள். குற்றாலத்தில் சாரல் ஓய்ந்த மாதம் பார்த்துப் பாறைச் சூட்டில் விரித்தாள். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில், ஆளையே தள்ளுகிற அந்தக் காற்றில், இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஒரு பகல் நின்றாள். இஸ்திரிக்காரர் இரண்டு கூடை கரியைச் செலவழித்துவிட்டுக் கும்பிடு போட்டார். தண்ணீர் லாரியில் குடம் பத்து ரூபாய் விற்ற கோடையில், எதிர்வீட்டு பெர்சிஸ் சேலையடியில் தினம் இரண்டு குடம் பிடித்துப்போனாள். அருவித் தண்ணீர் மாதிரியே லேசான மூலிகை வாசத்தோடு, குடிக்க நன்றாக இருந்தது. ஊருக்கு உபகாரம் என்று எல்லாரும் ஜெயபிரியாவைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியைக் கேட்டு வந்த இரவுகளில், காய்ந்ததும் சேலையை வேல்விழியிடமே கொடுத்துவிடுவதாகக் குற்றாலநாதரிடம் வேண்டிக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் வேண்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் வருடம் கார்த்திகைக் கடைசியில் பெர்சிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தாள். வேல்விழிக்கு இலத்தூரில் பேசி முடித்திருக்கிறது, தை பிறந்ததும் கல்யாணம். ஜெயபிரியா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். “காயலியே, எப்படிக் குடுப்பேன்?” என்றாள். போலீஸ் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவர் பேச்சிராஜ் திரும்பிப் பார்த்தார். “காஞ்சாத்தான் வாங்குவேன்னு அந்தப் பிள்ள எழுதியா குடுத்திருக்கு?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒன்பது வருடமாகத் தான் காத்திருந்தது சேலை காய்வதற்காக இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. கொடுக்க மனமிருப்பவர்களுக்கு ஈரம் ஒரு தடை இல்லை. ஆண்டவன் நம்மிடம் கேட்பதெல்லாம் அவ்வளவு பெரிய காரியங்களும் இல்லை.

மறுநாள் சேலையைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து சுரண்டை பஸ் ஏறினாள். பஸ்ஸுக்குள் தண்ணீர் ஓடியது.

“யக்கா, உசிரு மீனா கொண்டு போறீய?” என்றார் கண்டக்டர்.

“சேலை தம்பி.”

“பிழிஞ்சு எடுத்துட்டு வரப்படாதா?”

“ஒம்பது வருசமாப் பிழியுதேன்.”

அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

வேல்விழி வீடு பூட்டியிருந்தது. அப்பாவும் மகளும் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார்கள், பொழுது சாயத்தான் வருவார்கள் என்று அடுத்த தெருக் கடையில் சொன்னார்கள். பின்பக்கம் வேலி இல்லாத கொல்லையில் ஒரு கொடி கட்டியிருந்தது. ஜெயபிரியா சேலையை அதில் விரித்தாள். பூட்டிய கதவைப் பார்த்து, “வேலு, அன்னைக்கு இது காஞ்சுதான் இருந்துச்சு” என்றாள். சேலை சொட்டுவது நிற்கவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து எழுந்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

ஈரப் பட்டு நிழலில் காய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. காய்ந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து, திறந்திருந்த ஜன்னல் கம்பி வழியே உள்ளே நீட்டி, தையல் மிஷின் மேல் வைத்தாள். பெயர் எழுதி வைக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.