முதல் விலைக்குத் தலையாட்டாதவர்

கடைத்தெருவில் மின்கம்பி மாற்றுகிறார்கள் என்று மதியத்தோடு எல்லாக் கடைகளும் கதவை இறக்கிவிட்டன. பொத்தான் மொத்த வியாபாரியான அவருக்கு வேலை இல்லாத மதியத்தை என்ன செய்வதென்று தெரியாது. "மியூசியத்துக்குப் போலாமா?" என்று மனைவி கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கட்டடம் இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போகிறவள் அவள்.

தட்டிக்கழிக்க நாலைந்து பொய்களைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் விலைபோகாது என்று தெரிந்தது. கிளம்பினார்கள்.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் தொங்கிய திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தார். "இது என்ன விலை போகும்?"

"என்னங்க, செத்ததையாவது விட்டு வைங்களேன்."

வண்டுகளை வரிசை வரிசையாக ஊசியில் குத்தி வைத்திருந்த பெட்டியருகே அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. "நம்ம கடை சாம்பிள் அட்டை தோத்துது போ. அந்தப் பச்சை மட்டும் பத்து டஜன் கிடைச்சா..."

"அது உங்க சட்டையில தைக்கிறதுக்காக வளரலங்க," என்று சிரித்தாள். விலங்கியலில் முதலாவதாகத் தேறியவள். வீட்டில் கரப்பான் பூச்சி பறந்தால்கூட அதன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பாள்.

மண்டையோடுகள் இருந்த அறையில் அந்தச் சிரிப்பு நின்றது. கையகல மண்டையோடு ஒன்றின் முன் குனிந்தாள். 'மரநாய்' என்று எழுதியிருந்தது.

"இதேதாங்க. இங்க வேலைக்கு வந்த இன்டர்வியூவுல இதைக் கையில குடுத்து என்னன்னு கேட்டாங்க. கீரின்னுட்டேன். கீரிக்குக் கண்ணைச் சுத்தி எலும்பு வளையம் முழுசா இருக்கும். இதுல பாதியில நிக்குது பாருங்க. அங்கதான் கோட்டை விட்டேன்."

அவர் பார்க்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் இருந்த ஆந்தையைப் பார்த்தார்.

அன்று விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்தது கடை விலாசம். அங்கே வரும் கடிதங்களை அவர்தான் பிரிப்பார். வேலை அவளுக்குத்தான், ஒன்றாம் தேதி சேரலாம் என்ற கடிதமும் அவர் கைக்குத்தான் வந்தது. சந்தோஷம்தான், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் முதல் விலைக்குத் தலையாட்டுகிறவன் வியாபாரியே அல்ல என்று கேட்டு வளர்ந்தவர். கடைத்தாளில் அவள் பெயரிலேயே பதில் எழுதினார்: இந்தச் சம்பளம் கட்டுபடியாகாது. நாலு நாள் முறுக்கிக்கொண்டால் பின்னாலேயே ஓடிவருவார்கள், கூடுதல் சம்பளத்தோடு அவள் கையில் கொடுத்து அசத்தலாம் என்று கனவு வேறு. கடைத்தெருப் பேரம் அந்த அலுவலகத்துக்குத் தெரியவில்லை. வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று ஒரே வரி வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேலை கிடைக்கவில்லையே என்று அழுதவளுக்கு மூன்று நாள் ஆறுதலும் சொன்னார்.

"ஒரு எலும்பைப் பாக்காததுக்கு ஒரு ஆயுசு," என்றாள் அவள் கண்ணாடியில் விரல் வைத்து.

"நீ கோட்டை விடல," என்றார். "உன்னை எடுத்திருந்தாங்க. லெட்டர் வந்துது. சம்பளம் பத்தாதுன்னு நான்தான் உன் பேர்ல எழுதிப் போட்டேன். கூட்டிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் பதில் சொல்லலாம். ஏறி இறங்கி எங்கேயாவது படியலாம். அவள் மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாச் சொல்லியுமா எடுத்தாங்க?"

"ஆமா."

"எப்ப மூடுவாங்க?"

"அஞ்சு மணிக்கு. இன்னும் அரை மணி இருக்கு."

"நீங்க இங்க உக்காருங்க. நான் முதல்லேர்ந்து ஒரு சுத்து பாத்துட்டு வர்றேன்."

"இப்பதானே எல்லாம் பாத்தோம்?"

"வேணாம்னு அனுப்பினவங்க வீட்டைப் பாக்குற மாதிரிதானே பாத்தேன்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

பெஞ்சில் உட்கார்ந்தார். தூரத்தில், பெட்டி பெட்டியாக நின்று, ஒவ்வொரு குறிப்பையும் முழுதாகப் படித்துக்கொண்டு அவள் போவது தெரிந்தது. ஓர் இடத்தில் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

விளக்குகளை அணைக்க வந்த காவலாளி அவள் போன திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் புதுசுங்க. அந்தம்மா இங்க ஆபீசரா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.