தொமித்திலாவின் கல்யாணக் குழி

எரிமலை அபாய வரைபடத்தில் சமவெளி முழுக்கச் சிவப்பு; எதுவும் கட்டக் கூடாது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் ஊர்த் தலைவி தொமித்திலாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் நடக்கிறார்களே என்று மூன்று வருடம் அலைந்து அவள் வாங்கிய பள்ளிக்கூடம் இந்தச் சமவெளியில்தான் வர வேண்டும். அரேக்கிப்பா நகரத்திலிருந்து வந்த இன்ஜினியர் பெனவெந்தே ஒரு பிடி கரியை வைத்து அதற்கு வேட்டு வைத்துவிட்டார்.

"இந்த மலையோட ஆறு உச்சியும் நெருப்புக் கக்கினதுதாம்மா. அந்தக் கறுப்புப் பாறையெல்லாம் வழிஞ்சு உறைஞ்ச குழம்பு. இங்க எடுத்த கரிக்கு முப்பது வயசுகூட ஆகலன்னு ஆய்வுக்கூடம் சொல்லுது. அப்போதான் சுடுசாம்பல் இதுவரைக்கும் வந்திருக்கு."

"மலை வெடிச்சப்போ நான் என்ன தூங்கிட்டா இருந்தேன்?"

"கரி பொய் சொல்லாதும்மா. எரிஞ்ச கல்லும் கிடந்துச்சே!"

"எடுத்த இடத்தக் காட்டுங்க மொதல்ல!"

கல்சுவருக்கு அருகே அவர் கைகாட்டியதும் தொமித்திலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மலைச்சாமியே! இது என் கல்யாண விருந்துக்கு வெட்டின குழிய்யா! கல்லச் சுட்டு, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெச்சு, மண்ணு போட்டு மூடினோம். எங்க சமையல் உங்களுக்கு எரிமலையா?"

பெனவெந்தேவுக்கு முகம் சுருங்கிப்போனது. "அப்போ... இன்னும் ஆழமாத் தோண்டிப் பாக்கணும்."

"இன்னுமா! தள்ளுங்க, நானே தோண்டுறேன். கீழ ஒண்ணும் இல்லன்னு கண்ணால பாருங்க."

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். விருந்துக் கற்கள் வந்தன. அதற்குக் கீழே கைநீளத்துக்குச் சாம்பல், சாம்பல், வெறும் சாம்பல்; எந்த அடுப்பும் இவ்வளவு கக்காது. திட்டிக்கொண்டே வெட்டினாள். பிறகு கறுப்பு மண் தட்டியது. அது சமமாக இல்லை; மேடும் பள்ளமுமாக வரிவரியாக ஓடியது.

தொமித்திலா திட்டுவதை நிறுத்தினாள். அவள் வயலில் போடும் அதே பாத்தி, அதே அகலம், தண்ணீர் வடிய அதே சாய்வு. மேட்டைக் கிளறினாள். கரிக்கட்டையாகிப்போன உருளைக்கிழங்குகள், கொத்தாக, யாரும் தோண்டி எடுக்காமல்.

"இதுக்கு எத்தன வயசு இருக்கும்னு..." என்று ஆரம்பித்தார் பெனவெந்தே.

"வயசு கிடக்கட்டும். மலை வெடிச்சப்போ கிழங்கு எடுக்கக்கூட இத நட்டவங்களுக்கு நேரம் கிடைக்கலயே."

 ஒரு கிழங்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சிவப்பு சிவப்பாவே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு வேற இடம் காட்டாம நீங்க இந்த மலைய விட்டு இறங்க முடியாது. வாங்க, நடங்க."