செம்புக் கம்பி

நாங்கள் வாடகைக்கு விட்ட அறையில் தங்கியிருந்த யோஷிகோ அக்கா, ஜப்பானுக்குத் திரும்பும்போது தன் மேப்பிள் செடியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கிளைகளில் கம்பி சுற்றி வளைத்து, சின்னத் தொட்டியிலேயே மரமாக்க வேண்டும். கம்பி பட்டையை இறுக்கினால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சித்திரை வெயிலில் ஈரச்சாக்கு கட்டி அதைக் காப்பாற்றினேன்.

மாசியில் கிளை பருத்துக் கம்பி இறுகியது. குறடு கேட்டதும் நைனாவே வந்து செடிமுன் உட்கார்ந்தார். அவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அந்தச் செம்புக் கம்பியும் அவர் கடையுடையதுதான்.

"காப்பர் விக்கிற விலைக்கு யாராவது வெட்டுவாங்களா? முழுசா வரும், பாரு."

"வெட்டித்தான் எடுக்கணும் நைனா. கிளை ஒடிஞ்சிடும்."

"முப்பது வருஷமா கம்பி பிரிக்கிறேன். எட்டாவது தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

எட்டாவதோடு என்னை நிறுத்தியதே அவர்தான்.

எரிந்த காயிலைப் பிரிக்கிற வேகத்தில் இழுத்தார். கீழ்க்கிளை பட்டையோடு உரிந்து ஒடிந்தது. அவர் கம்பியைத்தான் நிமிர்த்திப் பார்த்தார்.

"ஒரு குச்சிதானே. இன்னும் நாலு இருக்குது" என்று அடுத்த கிளையில் கை வைத்தார்.

அவர் மடியிலிருந்த குறட்டை எடுத்து, அவர் விரலுக்கு அரை அங்குலம் தள்ளிக் கம்பியை வெட்டினேன்.

"ஏய், இன்னா பண்ற?"

"கையை எடுங்க நைனா. விரல் மாட்டிக்கும்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். மீதிக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக, ஒரு இலைகூட அசையாமல் வெட்டினேன்.