வாய் திறக்காத வாக்கு

அன்றைக்கு நீதிமன்றக் கூடத்தில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் ஷெரீஃப் கிரப், பேரைக் கூப்பிடக் குரல் இருந்தது, அதைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லாத மனிதர். அவருக்கு இடப்பக்கம் பேரேடும் பேனாவுமாக எழுத்தர் ஜூபல். வலப்பக்கம் கைவைத்த நாற்காலியில் பண்ணையார் டாலிவர், புதுச் சாம்பல் நிறச் சீருடையில். ஊர்ப் படைக்கு அவரே துணி வாங்கிக் கொடுத்து, அவரே கேப்டனும் ஆகிவிட்டிருந்தார். வாசலின் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு அந்தப் படைப் பையன்கள், அவர்களில் ஒருவன் இருபது வயது ஏசா. சுவரோரம் விஸ்கிப் பீப்பாயைச் சுற்றி, ஏற்கெனவே வாக்குச் சொல்லி முடித்தவர்கள். வரிசையில் இன்னும் சொல்லாதவர்கள். அந்த வரிசையின் வால் பக்கம் மாவு மில் லெமுவேல் ஹார்க்ரேடர், ஏசாவின் அப்பா, ஜூபலின் அக்கா புருஷன். வெளியே வெயிலில் பண்ணையாரின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பெய்டன். பெய்டன் பண்ணையாரின் அடிமை. அவரை யாரும் இருந்தவர் கணக்கில் சேர்ப்பதில்லை, உள்ளே நடந்தது முழுக்க அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் என்றாலும்.

1861, மே மாதம். அடிமைமுறையைக் காப்பாற்ற, அமெரிக்காவை விட்டு வெர்ஜீனியா மாநிலம் பிரிகிறது என்று தலைநகர் ரிச்மண்டில் பெரிய மனிதர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். ஜனங்கள் அதை ஏற்கிறார்களா என்று கேட்பது மட்டும்தான் பாக்கி. வெர்ஜீனியாவில் வாக்குச்சீட்டு கிடையாது. ஷெரீஃப் பேரைக் கூப்பிடுவார். முன்னால் வந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாயால் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். எந்தப் பக்கம் வாக்கு விழுந்ததோ அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர் (இன்றைக்குப் பிரிவுப் பக்கத்துக்குப் பண்ணையார்) எழுந்து, பேரைச் சொல்லித் தலை வணங்கி நன்றி சொல்வார். அதற்கப்புறம் பீப்பாய். நன்றி சொல்லியாகிவிட்டால் வாக்கு விழுந்துவிட்டது என்று அர்த்தம், யாரும் அதைத் தோண்ட மாட்டார்கள். மனதில் இருப்பதை ஒளித்து வைப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று வெர்ஜீனியாக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வாசலில் துப்பாக்கி நிற்காத காலத்தில் உண்டான பெருமை அது.

காலையிலிருந்து எல்லாம் ஒரே பக்கம்தான். ஜூபலின் பேரேட்டில் 'ஏற்பு' என்ற இடது பத்தி கீழ்வரை நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. 'நிராகரிப்பு' என்ற வலது பத்தியில் ஈ உட்கார்ந்திருந்தது.

லெமுவேல், ஊர் வாயில் லெம், பிரியக் கூடாது என்கிற பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மில்லுக்கு மாவரைக்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லித்தான் வைத்திருந்தார். குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, நானும் உன் பக்கம்தான் என்று சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். ஏப்ரலில் அவர்கள் மில்லுக்கு வருவதைக் குறைத்தார்கள். மே பிறந்ததும் பாலத்தைத் தாண்டி வேறு மில்லுக்குப் போனார்கள்.

ஏசா படையில் சேர்ந்த அன்று வீட்டில் பெரிய ரகளை.

"வெர்ஜீனியாதான்ப்பா நம்ம நாடு. மத்ததெல்லாம் அப்புறம்," என்றான் பையன்.

"உன் அத்தை வடக்க பென்சில்வேனியால வாழ்க்கைப்பட்டிருக்கா. அவ இப்ப அன்னியக்காரியா? அவ புள்ளைங்கள நீ சுடுவியா?"

"அவங்க இங்க வந்தா சுடுவேன்."

"போன கிறிஸ்துமஸுக்கு வந்தாங்களே, பன்னித் தொடையை நீதான வெட்டிக் குடுத்த?"

பையன் பெல்ட்டைப் போட்டான். லெமின் மனைவி கேதரின் நடுவில் வந்து, சண்டை போடுகிறவர்கள் வெளியே போய்ப் போடுங்கள், மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது என்றாள். இன்றைக்குக் காலையில் லெம் தொப்பியை எடுத்தபோதும் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. "திரும்பி வர்றப்ப உப்பு வாங்கிட்டு வாங்க. கடையில தீர்ந்துடும்ங்கிறாங்க," என்று மட்டும் சொன்னாள்.

வரிசையில் லெமுக்கு முன்னால் நின்றவர் எனோஸ், பக்கத்து நிலத்துக்காரர். அடுப்போரத்தில் சத்தியம் செய்தவர்களில் முதல் ஆள்.

"எனோஸ் பெக்னர்!" என்றார் ஷெரீஃப்.

எனோஸ் முன்னால் போனார். வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. மறுபடி இருமினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஜூபல் அவரைப் பார்த்தான், ஷெரீஃபைப் பார்த்தான், பிறகு எழுதிக்கொண்டே சொன்னான்: "எனோஸ் பெக்னர். ஏற்பு."

பண்ணையார் எழுந்து வணங்கினார். "நன்றி, மிஸ்டர் பெக்னர்."

கூடம் சிரித்தது. "இருமலுக்கே இவ்வளவுன்னா தும்மியிருந்தா தளபதி ஆக்கியிருப்பாரு!" என்று பீப்பாய்ப் பக்கமிருந்து ஒருத்தன் கத்தினான். எனோஸும் சேர்ந்து சிரித்துக்கொண்டே கோப்பையைத் தேடிப் போனார்.

"லெமுவேல் ஹார்க்ரேடர்!"

சிரிப்பு நின்றது. மேசை வரை அவர் நடந்த சத்தம் மட்டும் பலகைத் தரையில் கேட்டது. வாசலில் ஏசாவின் கை துப்பாக்கியை இறுக்கிப் பிடித்திருந்தது. யாரையும் சுடுவதற்கில்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தன் கேப்டன் முன்னால், தன் கூட்டாளிகள் முன்னால் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்குத் தெரியும்.

லெம் தொப்பியைக் கழற்றினார். மூச்சை இழுத்தார்.

"லெமுவேல் ஹார்க்ரேடர். ஏற்பு," என்றான் ஜூபல்.

பேனா ஓடியது. ஜூபல் தலை தூக்கவே இல்லை. பண்ணையார் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் புரிந்துகொண்டார். அவர் முட்டாள் இல்லை. எழுந்து, மற்றவர்களுக்கு வணங்கியதைவிட இன்னும் கொஞ்சம் தாழ்வாகவே வணங்கினார்.

"நன்றி, மிஸ்டர் ஹார்க்ரேடர்."

முடிந்தது. ஷெரீஃப் அடுத்த பேரைத் தேடினார். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். லெம் வாசலைப் பார்த்தார். ஏசா சிரித்துக்கொண்டிருந்தான், சின்னப் பையனாக இருந்தபோது காய்ச்சல் விட்டு எழுந்த நாளில் சிரித்த மாதிரி. மில் பிழைத்தது. பையனின் மானம் பிழைத்தது. ஜூபல் செய்தது மச்சானுக்காகச் செய்த உதவி. ஒருத்தரும் அதைத் தப்பு என்று சொல்லப் போவதில்லை. அவர் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நடந்தால் போதும்.

அவர் கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. நடந்தும்விட்டார்.

எனோஸ் ஒரு கோப்பையை நீட்டிக்கொண்டு எதிரே வந்தார். கண்ணில் தண்ணீர், மூக்கு சிவந்திருந்தது. காதருகே குனிந்து, "வா லெம், குடி. நம்ம ரெண்டு பேருமே வாயைத் திறக்காம தப்பிச்சுட்டோம்," என்றார்.

நம்ம ரெண்டு பேருமே.

லெம் கோப்பையை வாங்கவில்லை. திரும்பி மேசைக்கு வந்தார். அங்கே அடுத்த ஆள் வந்து நின்றிருந்தான். அவனைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

"ஜூபல், அதை அடி."

"எதை மச்சான்?" ஜூபலின் முகம் வெளுத்தது.

"என் பேருக்கு நேரா எழுதினியே, அதை. நான் இன்னும் வாயே திறக்கல."

"மச்சான், போயிடுங்க," என்றான் ஜூபல், உதடு அசையாமல். "அக்காவை நினைச்சுப் பாருங்க. போங்க."

"உங்கக்கா உப்பு வாங்கிட்டு வரச் சொன்னா. பொய் வாங்கிட்டு வரச் சொல்லல. அடிடா."

ஷெரீஃப் குறுக்கே வந்தார். "லெம், நன்றி சொல்லியாச்சுப்பா. அதோட சரி. வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"வழக்கம் நல்லாத் தெரியும் கிரப். முதல்ல நான் சொல்லணும். அப்புறம் அவன் எழுதணும். அப்புறம்தான் இவரு வணங்கணும். எங்கப்பா இந்த மேசைக்கு முன்னாடி நின்னு கத்துனப்ப வெளிய கட்டியிருந்த மாடு மிரண்டுதுன்னு சொல்லுவாங்க. இங்க இன்னிக்கு இருமுறவனுக்கும் வாக்கு, ஊமைக்கும் வாக்கு. இதுதான் உங்க வெர்ஜீனியாவா?"

"அப்பா," என்றான் ஏசா வாசலிலிருந்து. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. லெம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் வாயில் வார்த்தை வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"லெமுவேல் ஹார்க்ரேடர்," என்று தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொண்டார். "நிராகரிப்பு!"

வெளியே ஒரு குதிரை கனைத்தது.

ஜூபல் கடைசியில் பேனாவை மையில் தோய்த்தான். லெம் மேசை மேல் குனிந்து, அவன் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். இடது பத்தியில் ஒரு கோடு விழுந்தது. வலது பத்தியில் மை விழுந்தது. ஈ பறந்துவிட்டது. லெம் நிமிர்ந்து பண்ணையாரைப் பார்த்தார்.

"நன்றி சொல்லலையா ஐயா? எழுந்து வணங்குறதுதானே வழக்கம்?"

பண்ணையார் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஹார்க்ரேடர், வெர்ஜீனியாவோட நிக்காதவனுக்கு வெர்ஜீனியாவில இடமில்லை. எப்ப கிளம்புறீங்க?"

"எங்க கிளம்பணும்? நான் பொறந்தது இந்த ஓடைக்கரையில. என்னோட அமெரிக்காவும் இந்த ஓடைக்கரையிலதான் இருக்கு. அதை விட்டுட்டு எங்க போய்த் தேடுறது? நீங்கதான் மேரிலாந்துல பொறந்து, கல்யாணம் கட்டிக்கிட்டு மாமனார் நிலத்துக்கு வந்தீங்க. ஊரைவிட்டு ஒருத்தர் போகணும்னா, வந்தவர் முதல்ல போகட்டுமே."

பீப்பாய்ப் பக்கம் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்கடுத்து ஒரு கோப்பை பறந்து வந்து லெமின் தோளில் பட்டது. "துரோகி!" என்றது ஒரு குரல். "ஆத்துல தூக்கிப் போடு!" என்றது இன்னொன்று. நாற்காலிகள் சாய்ந்தன. போன வாரம் வரை அவரிடம் கடனாக மாவு வாங்கியவன்தான் முதலில் சட்டையைப் பிடித்தான்.

பண்ணையார் கையைத் தூக்கினார். ரத்தம் விழுந்தால் வாக்கெடுப்புக்குக் கெட்ட பேர். "ஷெரீஃப், இவரைக் காவல்ல வைங்க. இவரோட பாதுகாப்புக்காகத்தான். ஹார்க்ரேடர்!" என்றார். லெம் நிமிர்ந்தார். பண்ணையார் கூப்பிட்டது அவரை இல்லை. "ஏசா ஹார்க்ரேடர். கைதியைக் கூட்டிட்டுப் போ."

பையன் வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்தான். கூட்டம் வழி விட்டது, எச்சில் துப்பிக்கொண்டே.

நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நடுவில் ஒரு முற்றம். மரத்தடியில் குதிரைகளோடு பெய்டன் நின்றிருந்தார். உள்ளே பேசியது அத்தனையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கும். லெம் கடந்து போகும்போது, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, அதனிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"வடக்கு அறை வேணாம்னு சொல்லுங்க ஐயா. காத்தே வராது. போன வருஷம் நான் ஓடினப்ப பிடிச்சு அங்கதான் வெச்சிருந்தாங்க."

லெம் நின்றார். மூன்று அறுவடைக்கு அவர் பெய்டனைப் பண்ணையாரிடமிருந்து வாடகைக்கு எடுத்து மில்லில் மூட்டை தூக்க வைத்திருக்கிறார். கூலி பண்ணையாருக்குப் போனது. அப்போதெல்லாம் பெய்டனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவ்வளவு நேரம் கத்திய வாய்க்கு இங்கே ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

சிறைக்குள் ஷெரீஃப் அவர்களுக்கு முன்னாலேயே பின்வழியாக வந்து நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. வடக்கு அறை, தெற்கு அறை இரண்டும் காலி. சாவிக்கொத்தை ஏசாவின் கையில் திணித்தார்.

"லெம், கேட்டுக்கோ. பின்கதவு திறந்திருக்கு. என் குதிரை வேலியில கட்டியிருக்கு. மலையைத் தாண்டிட்டா உன்னை மாதிரி ஆளுங்கதான் முழுக்க. அப்படியே ஆத்தைத் தாண்டி ஒஹாயோ போயிடு, அது வடக்கு. நான் எதையும் பாக்கல. பண்ணையாரும் கேக்க மாட்டாரு, நீ போனா அவருக்கு நிம்மதி. இங்க இருந்தா நாளைக்கு உன்னை ரிச்மண்டு ஜெயிலுக்கு அனுப்புவாங்க. அங்க எனக்குத் தெரிஞ்சவன் எவனும் இல்ல."

சொல்லிவிட்டு, தான் சொன்னதே தனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல வேகமாக வெளியே போனார்.

பின்கதவு வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. அதற்கு அப்பால் மலை, நீலமாக.

"போங்கப்பா," என்றான் ஏசா. "அம்மாவை நான் கூட்டிட்டு வந்து விடறேன். சத்தியமா. சண்டையெல்லாம் முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம்."

"யாரு ஜெயிச்சா வரலாம்?"

ஏசா சாவிக்கொத்தை மறு கைக்கு மாற்றினான்.

"இப்ப நான் போனா, உன் கேப்டன் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். இல்லைன்னு சொல்றவனுக்கு இங்க இடமில்ல, ஓடிட்டான் பாருங்கன்னு சொல்வாரு. அமெரிக்கா வேணும்னா வெர்ஜீனியாவை விட்டுட்டுப் போன்னு அவரு சொல்றாரு. வெர்ஜீனியா வேணும்னா அமெரிக்காவை விடுங்கிறதும் அவருதான். ரெண்டையும் எனக்குப் பிரிச்சுக் குடுக்க இவரு யாரு?"

"உங்களைக் கொன்னுடுவாங்கப்பா."

"வெர்ஜீனியாக்காரனைத்தான் கொன்னாங்கன்னு எழுதிக்கட்டும்."

ஏசா அழுதான். சீருடைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். புதுத் துணி, சாயம் மூக்கில் ஒட்டியது.

லெம் திறந்திருந்த பின்கதவு வழியாக வெளியே போகாமல், அதைக் கடந்து தெற்கு அறைக்குள் போனார். வைக்கோல் இருந்தது, வாளி இருந்தது. உட்காரவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்துக் கதவைத் தானே இழுத்து மூடினார். அது சரியாகப் பொருந்தாமல் இடித்தது. தோளைக் கொடுத்து இன்னொரு முறை இழுத்தார்.

"பூட்டு."

"அப்பா..."

"உன் கேப்டன் உத்தரவு போட்டாரு. நீ சிப்பாய்தானே? பூட்டுடா. பூட்டிட்டு, கடையில உப்பு இருக்கான்னு பாத்து அம்மாவுக்கு வாங்கிட்டுப் போ."

பையன் சாவியைத் துவாரத்தில் விட்டான். முதல் சாவி சேரவில்லை. அடுத்தது சேர்ந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் அதைத் திருப்பினான். பூட்டு விழுந்தது.