ஒருமனதாக

வெனிங்கின் அப்பா உடலோடு தூக்கிய சந்தூக்கை மறுபடியும் தரையில் இறக்கினார்கள்.

"அவசரப்படாதேம்மா," என்றார் தெருத் தலைவர் பாக் ஹர்ஜோ. "கலந்து பேசிடுவோம். உங்கப்பா கத்துக்கொடுத்த வழிதானே?"

வாய்க்காலுக்கு அக்கரையில் மையவாடி தெரிந்தது. வெட்டி வைத்த குழியும் தெரிந்தது. மெராப்பி மலைப்பக்கம் வானம் கறுத்துக்கிடந்தது. அங்கே மழை இறங்கினால் இங்கே வாய்க்கால் ஆள் உயரம் ஓடும்.

அப்பா பாக் சஸ்த்ரோ நாட்டின் ஐந்து கொள்கைகளைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவர். நான்காவதுதான் அவருக்கு உயிர். 'கை தூக்கி எண்ணினால் ஒருவன் தோற்பான். தோற்றவனை வைத்துக்கொண்டு இந்தோனேசியா எதற்கு? பேசிப் பேசி ஒருமனப்படணும்' என்பார். இந்த வாய்க்காலுக்குப் பாலம் கட்டவும் அப்படியே பேசினார்கள். தொழுகைக் கூடத்தருகே வரட்டும் என்று அப்பா ஒரு முருங்கைக் குச்சியை நட்டார். தன் காப்பிக்கடை எதிரே வரட்டும் என்று பாக் கிமான் இன்னொன்றை நட்டார். சிமெண்டு மூட்டையிலேயே கல்லாகிப்போனது. குச்சிகள் இரண்டும் மரமாகிக் காய்த்தன.

"சந்தை வழியா சுத்திப் போவோம்."

"சந்தை நாளு. கோழிக்கூடை நடுவுல மய்யித்தா?"

"தண்ணியில இறக்கினா மரியாதையா? வந்துட்டாருய்யா பெரிய தத்துவ மேதை!"

"மேதைக்கு நீச்சல் தெரியுமா?"

"முதல்ல கொடி போர்த்துறதைப் பேசுங்கய்யா."

காப்பி வந்தது. வறுத்த கடலையும் வந்தது. பாக் ஹர்ஜோ ஒலிபெருக்கியைத் தட்டி, ஒற்றுமையின் அருமை பற்றித் தொடங்கினார். தூரத்தில் இடி.

"போதும்!" வெனிங்கின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வாய்க்கால் வழிங்கறவங்க கை தூக்குங்க. எண்ணிடறேன்."

கடலை கொறிக்கும் சத்தம் நின்றது.

"அவர் மய்யித்து முன்னாடியேவா ஓட்டு?" என்றார் பாக் ஹர்ஜோ மெல்ல.

ஒரு கையும் எழவில்லை. வெனிங் சந்தூக்கின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை வாயே திறக்காத கிமான் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு. திரும்பி நின்று தோளைக் காட்டினார்.

"வாங்கடா. கனம் எனக்கா தெரியாது? இந்த மனுசனோட பேசியே தேஞ்சவன் நான்."

ஒருவர் எழுந்தார். பிறகு நால்வர். பிறகு யார் எழவில்லை என்று சொல்ல முடியவில்லை. சந்தூக்கு தலைகளுக்கு மேலே தோள் மாறித் தோள் மாறி நகர்ந்தது. யாரும் பேசவில்லை. பின்னால் ஒலிபெருக்கியை உச்சந்தலையில் வைத்துப் பிடித்தபடி வந்த பாக் ஹர்ஜோ மட்டும் அறிவித்தார்: "ஒருமனதா முடிவாயிருக்கு!"

முதல் தூறல் விழுந்தது. கரையில் கிடந்த செருப்புகளை வெனிங் ஜோடி சேர்த்து ஒதுக்கினாள். கிமானுடையதை அவர் கடைப்பக்கம் தேடினாள். அங்கே இல்லை.

அப்பா நட்ட முருங்கை மரத்தடியில் இருந்தன, வாய்க்காலைப் பார்த்தபடி.