ஜட்ஜம்மா

அவளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். வேலை செய்கிற இடத்தில் கொசு, ஸ்நூக்கர் கிளப்பில் ஜட்ஜம்மா. முதல் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் இருபத்தோரு வருடமாக அவள் பிழைப்பு. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்தியும் அகப்படாத நரம்பு, அவள் விரல் பட்டால் அகப்பட்டுவிடும். வீறிட்டு அழுகிற குழந்தைகளையும், அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும் மீசைக்காரர்களையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

கிளப் அதே கட்டடத்தின் மாடியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைக்கும் அறையின் கூரையில் தண்ணீர் ஒழுகியது. மாடியில் யாரென்று பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று ஏறிப் போனாள். மதிய நேரம், ஆளில்லை. ஒரே ஒரு மேசைக்கு மேல் விளக்கு எரிந்தது. பச்சைத் துணி மேல் பந்துகள் கலைந்து கிடந்தன. சுவரில் சாய்த்திருந்த ஒரு கியூ கோலை எடுத்து வெள்ளைப் பந்தைச் சும்மா தள்ளிப் பார்த்தாள். அது போய் ஒரு சிவப்பைத் தட்ட, சிவப்பு போய்க் குழிக்குள் விழுந்தது. வந்த காரியம் மறந்துபோனது. கூரை இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு மாடிக்கு ஓடினாள். கிளப்பில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவசரமென்றால் கீழே இறங்கி வர வேண்டும், திரும்பிப் போவதற்குள் யாராவது மேசையைப் பிடித்திருப்பார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். விளையாட்டுக்காக அவள் விட்டதில் அது ஒன்றும் பெரிதில்லை. தங்கையின் பிரசவத்துக்குக் கூடப் போகவில்லை, அன்றைக்கு ஒரு போட்டியில் கால் இறுதி. அவளுக்கென்று ஒரு பிள்ளை என்பதையும் இந்தப் போட்டி முடியட்டும், அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் தள்ளிப்போட எதுவும் மிச்சமில்லாமல் போனது. கணவர் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. திறந்து திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் என்றிருக்கும்.

இனி இரண்டாவது பெயர். ஸ்நூக்கரில் பந்தின் மேல் கை பட்டாலும், சட்டை பட்டாலும், தலைமுடி பட்டாலும் ஃபவுல்தான். பந்து நகர வேண்டும் என்றுகூட இல்லை, பட்டால் போதும். புள்ளிகள் எதிராளிக்குப் போய்விடும். நடுவர் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. ஆகவே பட்டவர்களே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். சிலர் சொல்வார்கள். சிலர், யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் அளந்துவிட்டுச் சொல்வார்கள். அவள் எப்போதும் சொல்வாள். கிளப்பில் இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டால், "ஜட்ஜம்மாவக் கூப்பிடு, அவங்க சொல்றதுதான் தீர்ப்பு" என்பார்கள். அது முதலில் கேலியாகத்தான் இருந்தது. போகப் போக மரியாதையாகிவிட்டது.

மரியாதை கோப்பையைக் கொண்டுவராது. பத்தொன்பது வருடத்தில் இரண்டே முறை அரை இறுதி, இரண்டிலும் அவளே கையைத் தூக்கித் தோற்றாள். முதல் முறை கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனாள்.

பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நடுவர் பாத்தாரா?"

"இல்லீங்க."

"எதிர்ல ஆடினவங்க?"

"அவங்களும் பாக்கல."

"அப்புறம் எதுக்கு சொன்ன?"

"பட்டுச்சேங்க."

அவர் கை கழுவப் போய்விட்டார். இரண்டாம் முறை தோற்றபோது ஒன்றுமே கேட்காமல் சாப்பாட்டை எடுத்து வைத்தார்.

இந்த வருடம் ஸ்நூக்கர் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண்கள் போட்டியில் முதலாவதாக வருகிறவருக்கு நாட்டு அணியில் இடம். அடுத்த வருடத்திலிருந்து முப்பது வயதுக்கு உட்பட்டவர்களிலிருந்து மட்டுமே அணி. அவளுக்கு நாற்பத்தைந்து. அதாவது இதுதான் கடைசி. ஒவ்வொரு ஆட்டமாகப் பல்லைக் கடித்து ஏறி, எப்படியோ இறுதிக்கு வந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வராத கணவர், அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி தேய்த்த சட்டை. ஆட்டம் அவருக்குப் புரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டினால் தானும் தட்டினார்.

எதிரே ஆடியவள் இருபத்திரண்டு வயதுப் பெண். நல்ல பிள்ளை, வந்ததும் "அக்கா, உங்க கூட ஆடறதே எனக்குப் போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னாளே தவிர, ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு ஃபிரேம். கடைசிச் சுற்றான ஐந்தாவது ஃபிரேமில் மேசை மேல் மிச்சமிருந்தது பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும் மட்டும். பிங்க்குக்கு ஆறு புள்ளி, கறுப்புக்கு ஏழு. அந்தப் பெண் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தாள். இரண்டு பந்தையும் குழியில் போட்டால் கோப்பை இவளுக்கு.

வெள்ளைப் பந்து வசமில்லாத இடத்தில் நின்றது. கறுப்புக்கு மேலாகக் கையை வளைத்து வைத்து, விரல் நுனிகளை மட்டும் ஊன்றித்தான் அடிக்க வேண்டும். அவள் குனிந்தாள். விரல்களை ஊன்றினாள். மணிக்கட்டை இறக்கியபோது சட்டைக் கையின் ஓரம் கறுப்பைத் தொட்டது.

தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்பைத் தேடிப் பிடிக்கிற கை அது. பட்டதா இல்லையா என்று அதற்குச் சந்தேகமே வராது. பட்டது. கறுப்பு இம்மியளவு ஆடி, அதே இடத்தில் நின்றது.

நடுவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். எதையோ பார்த்த மாதிரி புருவத்தைச் சுருக்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக எல்லா நடுவர்களும் அவளை அப்படித்தான் பார்ப்பார்கள், அவள் கையைத் தூக்குவாள், கணக்கு தீர்ந்துவிடும். இப்போது தூக்கினால் ஏழு புள்ளி எதிராளிக்கு. பதினைந்து புள்ளி பின்னால் போய்விட்டால் மிச்சமிருக்கிற இரண்டு பந்தும் போதாது.

ஒரு நிமிடம்கூட இல்லை, அதற்குள் என்னென்னவோ வந்தது. தங்கையின் பிரசவம் வந்தது. கட்டாத தொட்டில் வந்தது. மூன்றாவது வரிசையில் தேய்த்த சட்டை தெரிந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று மனது கெஞ்சியது. அவள் கையைத் தூக்கவில்லை.

நடுவர் பார்வையை விலக்கிக்கொண்டார். பிங்க் விழுந்தது. கறுப்பும் விழுந்தது.

அரங்கம் இரைந்தது. கணவர் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார், யாரும் தட்டுவதற்கு முன்பே தட்டினார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தாள். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அந்த அரங்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருந்தது, பெரிய கண்ணாடியோடு. அவள் கண்ணாடியைப் பார்க்காமல் குழாயைத் திறந்தாள்.

பின்னாலேயே அந்தப் பெண் வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் முடிவுத் தாள்.

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களும் போட்டீங்கன்னா குடுத்துடலாம்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அந்தக் கறுப்பு ஆடின மாதிரி எனக்குத் தோணுச்சு. நடுவர்கிட்ட சொல்லலாம்னு பாதி எழுந்துட்டேன். அப்புறந்தான், ஆடறது யாரு, நம்ம ஜட்ஜம்மாவாச்சே, பட்டிருந்தா அவங்களே சொல்லிருப்பாங்களேன்னு உக்காந்துட்டேன். நடுவரும் அதையேதான் சொன்னார், அவருக்கும் சந்தேகமா இருந்துச்சாம், உங்க முகத்தப் பாத்ததும் போயிடுச்சாம்." மூக்கை உறிஞ்சினாள். "தோக்கப் போறோம்னதும் உங்களையே சந்தேகப்பட்டுட்டேனேக்கா. என்ன புத்தி எனக்கு. என்ன மன்னிச்சுடுங்க."

தாள் இன்னும் சங்கத்துக்குப் போகவில்லை. பேனா மூடி திறந்திருந்தது. பட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தொன்பது வருடமாக அவள் சொல்லிப் பழகிய வார்த்தைதான். வெளியே கணவர் யாரிடமோ, "என் வீட்டுக்காரிங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

அவள் கையெழுத்துப் போட்டாள். நடுக்கமில்லாத, அழகான கையெழுத்து.

"பரவால்லம்மா, விடு. சின்ன வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்துவிட்டது. "தேங்க்ஸ்கா" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.