சொனாட்டாவின் கடைசிப் பன்னிரண்டு அடிகள்

அன்று பிற்பகல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: காலமான இசையமைப்பாளர் யூலியுஸ் ராய்ன்வால்டின் அண்ணன் கோட்ஹெல்ஃப், யூலியுஸின் மனைவி ஒட்டிலி, பதிப்பாளர் லிண்ட்னர், இசைக்குறிப்புகளைப் படியெடுக்கும் வென்செல். வேறு யாரும் இல்லை.

யூலியுஸ் பியானோவுக்கு இயற்றிய சொனாட்டா என்ற பல பாக இசைப்படைப்பு அச்சுக்குப் போகவேண்டும். சிக்கல் மெதுவான இரண்டாம் பாகத்தில் இருந்தது. அதன் கடைசிப் பன்னிரண்டு அடிகள் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. திருத்தங்களை இப்படி ஒட்டுவது யூலியுஸின் வழக்கம்தான். ஆனால் இந்தத் துண்டில் இருந்தது வென்செலின் கையெழுத்து. முடிவை இயற்றியதே வென்செல்தான் என்று காப்பிக்கடைகளில் பேச்சு.

"அட்டையில இவர் பேரையும் சின்னதாப் போட்டுடலாமே ஐயா," என்றார் லிண்ட்னர். "ஊர் வாய் அடங்கிடும்."

"படி எடுக்கிறவன் பேரா? அப்படியே உங்க வண்டிக்காரன் பேரையும் போட்டுடுங்க!" என்றார் கோட்ஹெல்ஃப்.

வென்செல் தலை நிமிரவில்லை. "நான் இயற்றல ஐயா. படிதான் எடுத்தேன்."

"எதைப் பார்த்து?" என்றார் லிண்ட்னர்.

வென்செலின் பார்வை ஒட்டிலி பக்கம் போய்த் திரும்பியது.

கோட்ஹெல்ஃப் அந்தப் பக்கத்தைக் காப்பிக் கெண்டியின் ஆவிக்கு மேலே பிடித்தார். "கீழே என் தம்பி கையெழுத்து இருக்கும். எல்லாரும் கண்ணாலயே பாருங்க."

"வேண்டாம் பெரியத்தான், கிழிஞ்சிடும்," என்றாள் ஒட்டிலி.

"என் கையில எதுவும் கிழியாதும்மா."

பசை இளகியது. கீழே யூலியுஸின் கறுப்பு மையில் ஆரவாரமான ஒரு முடிவு. அதன்மேல் அவரே இழுத்த குறுக்குக்கோடு. துண்டு மறைத்திருந்த ஓரத்தில் அந்தப் பன்னிரண்டு அடிகளும் சிவப்புப் பென்சிலில் இருந்தன. அந்த வீட்டில் சிவப்புப் பென்சில் ஒட்டிலிக்கு மட்டும் உரியது. எந்தச் சுரத்தை எந்த விரலால் வாசிப்பது என்பதை அதில்தான் குறிப்பாள். அடியில் யூலியுஸின் கையெழுத்து: 'இதுதான் சரி. வென்செல், படி எடுத்து ஒட்டு.'

முப்பது ஆண்டு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த கோட்ஹெல்ஃப் அந்த அடிகளை இரண்டு முறை மனத்துக்குள் வாசித்தார். தம்பி எழுதியதைவிட இது மேல். அதை மறுக்க அவரால் முடியவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"அவர் பேரு மட்டும் நிக்கட்டும்னு நெனச்சேன். வென்செல்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

கோட்ஹெல்ஃப் முதுகை நிமிர்த்தி லிண்ட்னர் பக்கம் திரும்பினார். "அடுத்தவங்க எழுதினதுக்குப் பேரு வாங்கிக்கிறது எங்க வம்சத்துலயே கிடையாது. அட்டையில ரெண்டு பேரு. ரெண்டும் ஒரே அளவு எழுத்துல."

"பொம்பளை பேரு போட்டா விக்காதே ஐயா!"

"விக்கலைன்னா உங்க கிடங்குல இடம் இருக்கில்ல?"

அப்படியே அச்சானது. இரண்டாம் பாகத்தை வென்செல்தான் முடித்தார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தவறு. முடித்தவர் ஒட்டிலி ராய்ன்வால்ட். வென்செல் படி எடுத்தார், ஒட்டினார்.